தலைமடையா, கடைமடையா என்று முதலில் பாருங்கள்

வந்த கேள்வி இது: "ஏழு வருடம் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்புகிறேன். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே எங்களுக்கு மூன்று ஏக்கர் சொந்த நிலம், இரண்டு ஏக்கர் கோயில் குத்தகை. மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காத தொழிலாக, நாலு பேருக்கு வேலை தருவதாக ஏதாவது செய்ய ஆசை. காவிரி டெல்டாவில் இந்தத் துறையில் உண்மையாக வேலை செய்யும் அமைப்புகள் எவை? யாரைப் போய்ப் பார்ப்பது?"

தம்பி, வெறும் பெயர்ப் பட்டியல் என்றால் பத்து நிமிடத்தில் ஐம்பது பெயர் எழுதித் தந்துவிடலாம். அதைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் ஆறு மாதம் அலைவீர்கள். இருபது வருடமாக மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் உழவர் குழுக்களோடு இருப்பவன் நான். எனக்குப் புரிந்த வரையில், எந்த அமைப்பு உங்களுக்கு உதவும் என்பதை முடிவு செய்வது உங்கள் நிலம் தண்ணீரின் எந்த முனையில் இருக்கிறது என்பதுதான்: ஆற்றுத் தண்ணீர் முதலில் பாயும் தலைமடையிலா, கடைசியில் வந்து சேரும் கடைமடையிலா. திருவையாறு, பாபநாசம் பக்கத்து ஆளுக்குப் பொருந்தும் யோசனை உங்களுக்குப் பொருந்தாது. வேதாரண்யத்துக்காரருக்குச் சொல்வது உங்களுக்குப் பாதிதான் பொருந்தும்.

மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்தால் கல்லணைக்குச் சில நாளில் தண்ணீர் வந்துவிடும். உங்கள் வாய்க்காலுக்கு வந்து சேரப் பல வருடங்களில் ஜூலை தாண்டிவிடும். அதனால் தலைமடையில் குறுவை, தாளடி என்று இரண்டு போகம் நெல், அப்புறம் உளுந்து என்று எடுப்பவர் போடும் கணக்கு உங்களுடையது ஆகாது. உங்களுக்கு ஒரே போகம் சம்பா நெல், அது நன்றாக வந்தால் தை மாதத்தில் உளுந்து. தண்ணீர் வராத கஷ்டம் பாதி என்றால், ஐப்பசி கார்த்திகையில் வந்த தண்ணீர் வடியாத கஷ்டம் மீதி. கடைமடைக்காரனுக்குப் பாசன வாய்க்காலைவிட வடிகால் முக்கியம் என்று சும்மா சொல்வதில்லை.

அதனால் எந்த அலுவலகத்துக்கும் போகும் முன் உங்கள் பகுதி லஸ்கரைப் பிடியுங்கள். மதகைத் திறந்து மூடுகிற அந்த மனிதருக்குத் தெரிந்தது எந்த இணையதளத்திலும் இல்லை. உங்கள் வாய்க்கால் எந்த ஆற்றில், எந்தத் தலைப்பில் பிரிகிறது, கடந்த ஐந்து வருடம் தண்ணீர் எந்த வாரம் வந்தது, எந்த வடிகாலில் ஆகாயத்தாமரையும் நெய்வேலி காட்டாமணக்கும் அடைத்துக்கொள்கின்றன என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கையோடு நீடாமங்கலத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போய் மண்ணையும் போர்செட் தண்ணீரையும் பரிசோதிக்க வழி கேளுங்கள். மண்ணின் உப்புத்தன்மை மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸ் (உப்பை அளக்கும் அலகு) என்பதைத் தாண்டினாலே சாதாரண நெல்லின் விளைச்சல் குறையத் தொடங்கும். முத்துப்பேட்டை பக்கம் கடல் நிலத்தடியில் ஏறிக்கொண்டிருக்கிறது. இந்த எண் தெரியாமல் சோலார் பம்பு மானியத்துக்கு மனு போடாதீர்கள். உப்புத் தண்ணீரைச் செலவில்லாமல் இறைத்தாலும் அது உப்புத் தண்ணீர்தான்.

சரி, இப்போது விதைக்கு வருவோம். உங்களுக்கு மிகப் பக்கத்தில், திருத்துறைப்பூண்டியை ஒட்டிய ஆதிரெங்கத்தில், பாரம்பரிய நெல் மையம் இருக்கிறது. கட்டிமேடு நெல் ஜெயராமன் 174 பாரம்பரிய ரகங்களைத் தேடிச் சேர்த்தவர். 2018 டிசம்பர் 6-ல் காலமானார். அவர் ஏற்படுத்திய ஏற்பாடு எளிமையானது: நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதை வாங்கினால், அடுத்த வருடம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அப்படித்தான் ஒரு கைப்பிடி விதை ஊர் ஊராகப் பரவியது. பசுமைப் பொருளாதாரம் என்று சொல்கிறார்களே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பணம் கைமாறாமல், வங்கி இல்லாமல், மறைந்துகொண்டிருந்த ஒரு சொத்து இரண்டு மடங்காகத் திரும்பி வருகிறது.

இரண்டு கிலோவை வைத்து என்ன செய்வது என்று யோசிப்பீர்கள். ஒற்றை நாற்றாக, 22.5 சென்டிமீட்டருக்கு ஒன்று என்று நட்டால் இரண்டு மாவுக்குத் தாராளம். ஒரு மா என்பது 33 சென்ட். முதல் வருடம் அதற்கு மேல் போகாதீர்கள். விதையை வாங்கியதும் முளைப்புப் பார்த்துவிடுங்கள்: கோணிச்சாக்குத் துண்டு ஒன்றை நனைத்துப் பிழிந்து விரித்து, பத்து வரிசை, வரிசைக்குப் பத்து நெல் என்று நூறு நெல்லைப் பரப்பி, பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி நிழலில் வையுங்கள். காலையும் மாலையும் தண்ணீர் தெளியுங்கள். ஆறாம் நாள் அவிழ்த்து, வெள்ளை வேரும் பச்சைக் குருத்தும் இரண்டுமே வந்திருப்பதை மட்டும் எண்ணுங்கள். வேர் மட்டும் விட்டுக் குருத்து வராதது கணக்கில்லை. எண்பதுக்குக் குறைந்தால் அந்த விதை வேண்டாம். நான் எத்தனையோ பேருக்கு இதைச் செய்துகாட்டியிருக்கிறேன். அந்தச் சாக்கை அவிழ்க்கும்போது எழும் புளித்த ஈரவாடை எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

எந்த ரகம்? உப்பு மண்ணுக்குக் குழியடிச்சான். தண்ணீர் தேங்கும் பள்ளத்துக்கு மடுமுழுங்கியைக் கேட்டுப் பாருங்கள். பூங்கார் குறைந்த நாள் ரகம். கருப்புக் கவுனிக்கும் சீரகச் சம்பாவுக்கும் சந்தை இருக்கிறது என்று எல்லோரும் அதையே போடுகிறார்கள். நிலத்தைப் பார்த்து ரகம், அப்புறம் சந்தை. இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. ஒரு வருடம் ஆசைப்பட்டு இரண்டு ஏக்கரில் காட்டுயானம் போட்டேன். 180 நாள் பயிர், ஏழடி வரை வளரும். ஆள் உயரத்துக்கு மேல் நின்ற பயிரைப் பார்க்க ஊரே வந்தது. பால் பிடிக்கும் நேரத்தில் ஒரு புயல் மழை. மொத்தமும் சாய்ந்து பாய் விரித்தாற்போல் படுத்துவிட்டது. பெல்ட் மெஷின் என்னும் அறுவடை இயந்திரக்காரர் வரப்பில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். ஆள் வைத்து அறுத்தோம். மிஞ்சிய நெல்லை அரிசியாக்கிச் சென்னையில் ஓர் அங்காடிக்கு எட்டு மூட்டை அனுப்பினேன். இயற்கை விளைபொருள் என்பதற்குச் சான்று இல்லை என்று சொல்லி மூன்று மாதம் போட்டுவைத்து, வண்டு விழுந்த பிறகு திருப்பி அனுப்பினார்கள். அன்றைக்கு எனக்கு விதையில் உதவ ஆள் இருந்தது, சான்றிலும் சந்தையிலும் வழி சொல்ல ஆள் இல்லை. உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சான்றில் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று பிஜிஎஸ் என்னும் பங்கேற்பு உத்தரவாத முறை. குறைந்தது ஐந்து உழவர்கள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் வயலை மற்றவர் பார்த்துச் சான்று தருவது. கட்டணம் இல்லை. உள்நாட்டு விற்பனைக்கு இது போதும். இன்னொன்று தமிழ்நாடு அரசின் அங்ககச் சான்றளிப்புத் துறை, தலைமையிடம் கோயம்புத்தூர். ஏற்றுமதி செய்ய நினைப்பவர்களுக்கும் பெரிய நிறுவனங்களுக்கு விற்பவர்களுக்கும் இந்த வழிதான். ரசாயனத்தை நிறுத்திய மறுநாளே சான்று கிடைக்காது. நெல் போன்ற பருவப் பயிருக்கு இரண்டு வருடம், தென்னை போன்றவற்றுக்கு மூன்று வருடம் மாறுதல் காலம் உண்டு. அந்த இரண்டு வருடம்தான் பலர் கைவிடும் இடம். விளைச்சல் குறையும், விலையும் கூடாது. அதனால்தான் மொத்த நிலத்தையும் ஒரே வருடத்தில் மாற்றாமல் மா கணக்கில் மாற்றச் சொல்கிறேன். மீதி நிலத்து நெல் அரசின் நேரடி கொள்முதல் நிலையத்துக்குப் போகட்டும். அங்கே கவுனிக்கென்று தனி விலை கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

உங்கள் குத்தகை நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டெல்டாவில் கோயில் நிலமும் மட நிலமும் அதிகம். உழுபவர் ஒருவர், காகிதத்தில் பெயர் இன்னொருவர். அடங்கல் என்னும் கிராமச் சாகுபடிக் கணக்கில் பெயர் இல்லாவிட்டால் மானியம், பயிர்க்காப்பீடு, சான்று எல்லாவற்றிலும் சிக்கல் வரும். 1969-ம் வருடத்துக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி குத்தகையைப் பதிவு செய்துகொள்ள முடியும். குத்தகை ரசீதுகளை எடுத்துக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். எந்தச் சுற்றுச்சூழல் அமைப்பும் இதை முதலில் சொல்லாது. நான் சொல்கிறேன்.

விதையை வியாபாரமாகச் செய்யலாமா என்று யோசனை வரும். 2001-ம் வருடத்துப் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் உழவர் தன் விதையைச் சேமிக்க, பரிமாற, விற்க உரிமை தருகிறது, பிராண்ட் பெயர் போட்டு மட்டும் விற்கக் கூடாது. கடை வைத்து விற்பதென்றால் விதை உரிமம் வேண்டும். தரமான விதை வேண்டுமானால் கதிர் வரும் நேரத்தில் வரப்பில் நின்று பாருங்கள். மற்றதைவிடத் தலை தூக்கி நிற்பதும், நிறம் மாறி நிற்பதும் கலவன், அதாவது வேறு ரகம் கலந்த பயிர். இறங்கி வேரோடு பிடுங்கிவிடுங்கள். இரண்டு வருடம் இதைச் சலிக்காமல் செய்தால் உங்கள் வயல் விதைக்கு ஆள் தேடி வருவார்கள்.

அரசு இப்போது இந்தப் பக்கம் வந்திருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நெல் ஜெயராமன் பெயரிலேயே மரபுசார் நெல் ரகங்களைக் காக்கும் இயக்கம் ஒன்று நடக்கிறது, வேளாண் விரிவாக்க மையங்களில் அந்த விதை மானிய விலையில் கிடைக்கும். 2023 மார்ச்சில் மாநிலத்துக்கென்று அங்கக வேளாண்மைக் கொள்கை வெளிவந்தது. 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் பசுந்தாள் உரவிதை வாங்கலாம். தக்கைப்பூண்டு கட்டாயம் விதையுங்கள், உப்பைத் தாங்கும். கைபேசியில் உழவன் செயலி இருந்தால் எந்த விதை எங்கே இருப்பு என்று பார்க்கலாம். வேளாண் பல்கலைக்கழகத்தின் அக்ரிடெக் தளம் தமிழிலேயே இருக்கிறது.

ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தை, 'அது ரசாயன விவசாயத்துக்கு' என்று இயற்கை விவசாய நண்பர்கள் ஒதுக்குவார்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. 1922 முதல் இந்த மண்ணிலேயே நெல்லைப் பார்த்துவரும் இடம் அது. பூச்சி, நோய், மண் என்று சந்தேகம் வந்தால் அவர்களிடம் கேட்பதில் ஒரு குறையும் இல்லை. அரிசியை அவல், மாவு, சத்துமாவு என்று மாற்றி விற்க நினைத்தால் தஞ்சாவூரில் நிஃப்டெம் என்னும் உணவு பதப்படுத்தும் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. மழையில் நனைந்த நெல்லைக் காப்பாற்ற வழி தேடித் திருவாரூரில் தொடங்கிய மையம்தான் பின்னால் தஞ்சாவூருக்கு வந்து இப்படி வளர்ந்தது. அங்கே உள்ள கருவிகளில் உங்கள் பொருளைச் சிறிய அளவில் செய்து பார்க்கலாம், சொந்தமாக இயந்திரம் வாங்கிக் கடனில் மாட்டுவதற்கு முன் அதைச் செய்யுங்கள். சீர்காழிப் பக்கம் பாரம்பரிய நெல்லிலும் இயற்கை விவசாயத்திலும் நெடுங்காலம் உழவர்களோடு வேலை செய்தவர்கள் சென்னையைச் சேர்ந்த சிஐகேஎஸ் அமைப்பினர். இயற்கை வேளாண்மையை முறையாகக் கற்க, கரூர் மாவட்டம் கடவூர் அருகே இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் உருவாக்கிய வானகம் போகலாம். அவர் திருக்காட்டுப்பள்ளியை அடுத்த இளங்காட்டில் பிறந்தவர். 2013 டிசம்பர் 30-ல், டெல்டா நிலத்தடியிலிருந்து மீத்தேன் வாயு எடுக்கும் திட்டத்துக்கு எதிராக ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தபோது, பட்டுக்கோட்டைப் பக்கம் பிச்சினிக்காட்டில் உயிர் பிரிந்தது. அந்த நாளை எங்களில் யாரும் மறக்கவில்லை.

மீத்தேன் என்றால் நமக்கு அந்தத் திட்டம்தான் நினைவுக்கு வரும். ஆனால் தண்ணீர் கட்டிய நெல்வயலிலிருந்தும் மீத்தேன் வருகிறது. அதைக் குறைத்தால் கார்பன் வரவு (கார்பன் கிரெடிட்) என்ற பெயரில் பணம் தருகிறோம் என்று இப்போது கம்பெனிகள் கிராமங்களுக்கு வருகின்றன. உங்களிடமும் வருவார்கள், அதனால் விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். வயலை மாறி மாறிக் காயவிட்டுத் தண்ணீர் கட்டும் அந்த முறை நல்ல முறைதான்: ஓரடி நீளப் பிவிசி குழாயில் சுற்றிலும் துளை போட்டு, பாதியை வயலில் புதைத்து உள்ளே உள்ள சேற்றை எடுத்துவிட வேண்டும். குழாய்க்குள் தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு மறுபடி பாய்ச்சினால் போதும். மேலே மண் வெடிப்பு விட்டாலும் வேருக்குக் கீழே ஈரம் இருக்கிறது என்று அந்தக் குழாய் காட்டிவிடும். பூக்கும் வாரத்தில் மட்டும் தண்ணீர் குறையக் கூடாது. இப்படிச் செய்தால் மீத்தேன் ஏறத்தாழ பாதியாகும்.

ஆனால் இதைச் செய்ய மதகு நம் கையில் இருக்க வேண்டும். போர்செட் உள்ள குறுவைக்காரரால் முடியும். முறை வைத்து வாய்க்கால் தண்ணீர் வரும் இடத்தில், அதுவும் வடகிழக்குப் பருவமழையில் முழங்கால் தண்ணீர் நிற்கும் கடைமடைச் சம்பாவில், யார் வயலைக் காயப்போடுவது? உங்கள் நிலத்துக்கு இது பெரிதாகப் பயன்படாது. கையெழுத்துக் கேட்டால் மூன்று விஷயம் பாருங்கள்: ஒப்பந்தம் எத்தனை வருடம், வரும் பணத்தில் உழவர் பங்கு எவ்வளவு என்று எழுத்தில் இருக்கிறதா, குத்தகைதாரர் பெயரில் எழுதுகிறார்களா. தமிழில் ஒப்பந்தம் தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

தண்ணீர்ப் பக்கம் எனக்கு மிகவும் பிடித்த வேலை பேராவூரணியில் நடந்தது. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் தென்னையைச் சாய்த்துப்போட்ட பிறகு, இளைஞர்கள் சேர்ந்து கடைமடைப் பகுதி ஒருங்கிணைந்த விவசாயிகள் சங்கம் தொடங்கினார்கள். கைஃபா என்பார்கள். பேராவூரணி பெரியகுளத்தைத் தூர்வாரினார்கள், அப்புறம் எத்தனையோ ஏரி குளங்கள். வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பிய உங்களைப் போன்றவர்கள் அதில் உண்டு. ஒரு நாள் போய்ப் பாருங்கள். எந்த அலுவலகத்தில் அனுமதி வாங்குவது, மண்ணை எங்கே கொட்டுவது, ஊர்க்காரரை எப்படிச் சேர்ப்பது என்ற நடைமுறையை அவர்களிடம் கற்றால் உங்கள் ஊர் வடிகாலுக்கு அது உதவும்.

கடலோரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், உங்கள் வேலை அங்கே நேரடியாக இல்லை. ஆனால் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு இல்லாவிட்டால் உங்கள் ஊருக்குப் புயலில் என்ன ஆகும் என்று கஜாவுக்குப் பிறகு சொல்லத் தேவையில்லை. பாக் நீரிணையில் கடற்புல், கடற்பசு, அலையாத்தி என்று தஞ்சாவூர்க் கரையில் வேலை செய்வது ஓம்கார் நிறுவனம். 2022-ல் 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பு கடற்பசுக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. கோடியக்கரையில் வலசைப் பறவைகளுக்கு வளையமிட்டு ஆராயும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், பூம்புகாரில் மீனவர்களுக்காகச் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் 'அனைவருக்கும் மீன்' மையம் ஆகியவை அந்தந்த வேலையில் ஆழமானவை.

லாஃப்டியைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதியர் 1981-ல் தொடங்கிய அமைப்பு. நிலமில்லாத தலித் பெண்கள் பெயரில் நிலம் வாங்கிக் கொடுத்தது. கடலோர இறால் பண்ணைகள் வயலையும் குடிநீரையும் உப்பாக்கியபோது ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1996 டிசம்பர் தீர்ப்பு அந்த வழக்கில்தான் வந்தது. நாலு பேருக்கு வேலை தர ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். நடவும் களையெடுப்பும் செய்கிற பெண்களுக்கு உங்கள் தொழிலில் கூலி மட்டும்தானா, பங்கும் உண்டா என்று தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். களை பறிக்கும் கை இல்லாமல் இயற்கை நெல் ஒரு மூட்டை வராது.

சட்டப் பக்கம்: 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன் ஆகியவற்றுக்குப் புதிதாகக் கிணறு தோண்டுவதைத் தடுக்கிறது. அந்தச் சட்டம் இருந்தும் 2023-ல் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புப் பகுதிகள் நிலக்கரி ஏலப் பட்டியலில் வந்தன. எதிர்ப்புக்குப் பிறகுதான் நீக்கினார்கள். இப்படி ஏதாவது உங்கள் பக்கம் வந்தால், ஆவணங்களைப் படித்துத் தமிழில் விளக்கிச் சொல்ல 'பூவுலகின் நண்பர்கள்' என்னும் சுற்றுச்சூழல் அமைப்பு இருக்கிறது. சென்னையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது.

பணத்துக்கு அவசரப்படாதீர்கள். உற்பத்தியாளர் கம்பெனி தொடங்கப் பத்து உழவர் போதும், நபார்டு என்னும் ஊரக வளர்ச்சி வங்கியின் மாவட்ட மேலாளரைப் பார்த்தால் வழி சொல்வார். ஆனால் மானியத்துக்காகத் தொடங்கிய பல கம்பெனிகள் பெயர்ப்பலகையோடு நிற்கின்றன. முதலில் ஐந்து பேர் பிஜிஎஸ் குழுவாக இரண்டு சம்பா ஒன்றாகத் தள்ளிப் பாருங்கள். சண்டை வராமல் தாக்குப்பிடித்தால் அப்புறம் கம்பெனி.

நீங்கள் சித்திரைக்குள் ஊருக்கு வந்துவிட்டால் நல்லது. மண் மாதிரி எடுக்கக் கோடைதான் சரியான நேரம், நெல் திருவிழாவும் கோடையில்தான் நடக்கும். துணிப்பை ஒன்றும், ரகத்தின் பெயரை எழுத ஒரு அட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். அதற்கு முன் உங்கள் வாய்க்காலின் பெயர், தண்ணீர் வந்த வாரங்கள், மண்ணின் உப்பு எண் இந்த மூன்றையும் எனக்கு எழுதுங்கள். இரண்டு மாவுக்கு எந்த ரகம் போடலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.